நேபாளத்தின் பாட்டன் நகரிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டியிருந்தாய், சரிதான். போனில்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் நீ சாப்பிட்டாயா என்பாய், நான் சாப்பிட்டேன் என்பேன், அதற்குள் அப்பா டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்துவார், அதோடு முடிந்துவிடும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இரண்டு வேளையும் சோறு, பருப்பு, கடுகெண்ணெயில் வதக்கிய கீரை. நீ கட்டிக்கொடுத்த புளி ஐப்பசியிலேயே தீர்ந்துவிட்டது. இங்கே புளிப்புக்கு லப்சி என்று ஒரு பழம் இருக்கிறது, அதைப் போட்டு ரசம் வைத்துப் பார்த்தேன். ரசம் என்று சொல்ல முடியாது, ஆனால் குடித்துவிட்டேன். போன வாரம் பௌர்ணமிக்கு யோமரி செய்தார்கள். அரிசி மாவுக்குள் வெல்லப்பாகும் எள்ளும் வைத்து ஆவியில் வேகவைப்பது, அச்சு அசல் நம்ம கொழுக்கட்டை, என்ன, மீன் மாதிரி வால் வைத்திருக்கும். நாலு தின்றேன்.

குளிர்தான் கொஞ்சம் அதிகம். வீட்டுக்குள் கணப்பு எதுவும் கிடையாது, உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். தேங்காய் எண்ணெய் பாட்டிலை ராத்திரி போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்தால்தான் காலையில் தலைக்கு எண்ணெய். பத்து மணிக்கு வெயில் வந்ததும் தெருவே மொட்டைமாடிக்கு ஏறிவிடும், ஆரஞ்சு உரித்துத் தின்றபடி ஊர்க்கதை பேசும்.

கீழ்வீட்டு அஜியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அஜி என்றால் நேவாரி மொழியில் பாட்டி. (ஊர் பேர் பாட்டன், வீட்டுக்காரர் பாட்டி, நல்ல பொருத்தம்.) விடியற்காலையில் பித்தளைத் தட்டோடு கிளம்புவார். தெருமுனைப் பிள்ளையாருக்குக் குங்குமம், அதே விரலால் அடுத்த முற்றத்துப் புத்தருக்கும் குங்குமம், மிச்ச அரிசி புறாவுக்கு. அந்த முற்றங்கள் ஒரு காலத்தில் பிக்குகள் இருந்த விகாரங்கள். இப்போது சாக்கியர், வஜ்ராசாரியர் என்று அவர்கள் வழிவந்தவர்கள் மனைவி மக்களோடு குடியிருந்துகொண்டு முறைபோட்டுப் பூசை செய்கிறார்கள். பக்கத்துப் பொற்கோயிலில் பூசாரி யார் தெரியுமா? பன்னிரண்டு வயதுகூட ஆகாத பையன். முப்பது நாள் அவன் முறை, பிறகு வேறொரு பையன். நம்ம தம்பியை அந்த வயதில் முப்பது நிமிடம் ஒரு இடத்தில் உட்கார வைத்திருக்க முடியுமா?

வந்த புதிதில் பெரிய ஆராய்ச்சிக்காரி மாதிரி நோட்டும் கையுமாக, "நீங்கள் இந்துவா, பௌத்தரா?" என்று அஜியிடம் கேட்டேன். "சாப்பிட்டாயா?" என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. காத்மாண்டுவில் சுயம்பு மலைமேல் பௌத்த ஸ்தூபிக்குப் பக்கத்திலேயே ஹாரதி கோயில் இருக்கிறது. அம்மை போட்டால், குழந்தைக்கு முடியாமல் போனால் ஓடுவது அங்கேதான். சிலர் அவளை அம்மை நோய்க்கான இந்துத் தேவி சீதளா என்பார்கள், பூசை செய்கிறவர் பௌத்தர். எனக்கு மாரியம்மனாகத்தான் தெரிந்தாள், உன் பெயருக்கும் ஒரு விளக்கு ஏற்றினேன்.

தீபாவளியை ஒட்டி இங்கே மஹ பூஜை. சாமிக்கு இல்லை, நமக்கு நாமே செய்துகொள்வது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கோலம் வரிசையாகப் போட்டு, ஆளுக்கொன்றின் முன் உட்கார்ந்து, நீளத் திரி ஏற்றி, கடைசியில் கையில் அவித்த முட்டையும் பொரித்த மீனும் தருவார்கள். பூசையில் மீன்! அப்பாவுக்குச் சொல்லு. அஜி கத்தாரில் இருக்கும் மகனுக்கும் ஒரு கோலம் போட்டார், அதன் முன் யாரும் உட்காரவில்லை. எனக்கும் ஒன்று போட்டிருந்தார். அதில் உட்கார்ந்ததும் எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய், தீபாவளியன்று என் தட்டை எடுத்து வைத்தாயா, இல்லை பரணில் போட்டுவிட்டாயா என்று. புகை கண்ணில் பட்டது என்று அஜியிடம் சொன்னேன்.

சரி, நிலத்துக்கு வருகிறேன். ஆனைமங்கலத்து மூன்று மா நிலத்தையும் என் படிப்புக்காக விற்பதாகச் சின்ன மாமா சொல்லிக்கொண்டிருக்கிறாராமே. எனக்குப் பணம் வேண்டாம் அம்மா. உதவித்தொகை கொஞ்சம் முன்னே பின்னே வருகிறது, அவ்வளவுதான். மாலையில் அஜியின் பேத்திக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன், வாடகையில் கழித்துக்கொள்கிறார்கள். கிர்த்திபூர் வகுப்புக்கு நடந்தே போய்விடுகிறேன், உடம்புக்கும் நல்லது.

இன்னொன்று. வகுப்பில் ஒருநாள் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் வந்தது. சுமத்ராத் தீவின் ஸ்ரீவிஜய அரசன் தன் அப்பா பெயரில் கட்டிய பௌத்தப் பள்ளி. 1006-இல் சிவபக்தனான ராஜராஜ சோழன் அதற்கு ஒரு ஊரின் வருமானத்தையே எழுதிக்கொடுத்தான், அந்த 21 செப்பேடுகளும் ஹாலந்து வரை போயின. எந்த ஊர் என்று நினைக்கிறாய்? நம்ம ஆனைமங்கலம். அங்கே எங்களுக்கு நிலம் இருக்கிறது என்று எழுந்து சொன்னேன், வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதைப் போய் மனை போட விற்கிறீர்களா?

தை அறுவடை முடியட்டும். நான் வரும்வரை யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மாமா அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லு, நான் சொன்னேன் என்று சொல்லு. அப்பாவின் கண் ஆபரேஷனை நிலத்தோடு முடிச்சுப் போடாதீர்கள், அரசு ஆஸ்பத்திரியிலேயே லென்ஸ் வைத்து இலவசமாகச் செய்கிறார்கள். போன தடவை எழுதிக்கொடுத்த சீட்டு பீரோவின் மேல்தட்டில், பழைய பாஸ்புக்குக்குள் இருக்கிறது. அக்காவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு, தம்பியை நம்பாதே.

உன் மகள்

பி.கு: யாராவது இந்தப் பக்கம் வந்தால் அரைக் கிலோ புளி, கொட்டை எடுத்தது.