நான்கு நாளில் முற்றுகிற நோய் இல்லை இது

அன்புள்ள சேகர்,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதாதது என் தப்புதான். வரதனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாகத் திட்டு. லீவு லெட்டரையே நான்கு பக்கம் எழுதுகிறவன், அம்மா விஷயத்தை இரண்டே வரியில் முடித்திருக்கிறாய். மீதியைக் கலாதான் போனில் சொன்னாள்.

அல்சைமர் மறதி நோய் இருந்தும் போன வாரம்வரை பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், நான்கு நாளாகப் பகலெல்லாம் தூங்குகிறார். ராத்திரியானால் சுவரோரம் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். பேசும்போதே கண் செருகுகிறது. நீங்களோ ‘நோய் முற்றிவிட்டது’ என்று முடிவு கட்டிவிட்டீர்கள். டேய், அல்சைமர் அப்படி முற்றாது. மூளையில் அமிலாய்டு புரதம் படிவது மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில்தான் இறக்கம். அந்த 30 மதிப்பெண் நினைவாற்றல் சோதனையில்கூட, வருடத்துக்குச் சராசரியாக இரண்டு மூன்று மதிப்பெண்தான் குறையும். நாட்கணக்கில் ஒருவர் இப்படிச் சரிந்தால் அந்த நோயின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. திடீரென்று வரும் இந்த மனக்குழப்பத்தை டெலீரியம் என்பார்கள். காரணத்தைப் பிடித்தால் பெரும்பாலும் தெளிவார்கள், வாரக்கணக்கில் ஆனாலும். விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் நாளைக்கு என்று தள்ளாதே, இன்றே கூட்டிக்கொண்டு போ.

சிறுநீர்த் தொற்றா என்று முதலில் பார்க்கச் சொல். இந்த வயதில் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமலே அது வரும். நிமோனியா, உடம்பில் நீர் வற்றுவது, நாள்கணக்கில் மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, எல்லாமே இப்படிக் குழப்பும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார் அல்லவா, ரத்தத்தில் உப்புச் சத்தான சோடியம் இறங்கியிருக்கலாம். ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், அணுக்களின் எண்ணிக்கை, இவ்வளவும் வேண்டும். சமீபத்தில் விழுந்தாரா? ஒரு மாதம் முன்பு தலையில் லேசாக இடித்திருந்தாலும் சொல்லிவிடு. மூளைக்கு மேலே ரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும்.

எனக்குப் பெரிய சந்தேகம், தும்மலுக்கென்று கலா வாங்கிக் கொடுத்த அந்தச் சளி மாத்திரை மேல்தான். குளோர்ஃபெனிரமின் என்று அட்டையில் போட்டிருக்கிறதா பார். மறதிக்காக அம்மா சாப்பிடும் டோனெபெசில், நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை மூளையில் கூட்டப் பார்க்கிறது. இந்தச் சளி மாத்திரை அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது. ஒரு கை ஏற்ற, இன்னொரு கை இறக்குகிற கதை. தூக்க மாத்திரைகளும் இதே குழப்பத்தைக் கொடுக்கும். கலாவைக் கோபித்துக்கொள்ளாதே. தும்மலுக்கு யாரும் வாங்கிக் கொடுக்கிற மருந்து அது.

டாக்டரிடம் வாய் திறந்ததும், “எப்போதும் இப்படி இல்லை, நான்கு நாளாகத்தான்” என்று சொல். ‘மறதி நோயாளி’ என்று ஆரம்பித்தால் அவரும் அதிலேயே நின்றுவிடக்கூடும். வீட்டிலிருக்கிற மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோ.

ராத்திரி கத்துகிறார் என்று மயக்க ஊசிக்கு நீயாக அவசரப்படாதே. இதற்குப் பெரும்பாலும் போடுகிற மனநோய்க்கான மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களுக்குப் பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டுகின்றன. வேறு வழியே இல்லாமல் ஆபத்து என்றால் மட்டும், மிகக் குறைந்த அளவில், சில நாள். கையைக் கட்டவும் விடாதே. கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடு, பகலில் ஜன்னலைத் திறந்து வை, தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும். நன்றாக விழித்து, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது மட்டும் தண்ணீர் கொடு. அரைத்தூக்கத்தில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். சுவரோரம் ஆள் நிற்கிறான் என்றால் வாதாடாதே. “பயமா இருக்காம்மா? நான் இங்கேயேதான் இருக்கேன்” என்றால் போதும்.

என் வீட்டுச் சேதி, வரதன் மகள் கல்யாணச் சேதி எல்லாம் அப்புறம். ரிப்போர்ட் வந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு. சோடியம் எவ்வளவு என்பதை முதலில் சொல்.

அன்புடன்,
மணி