வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் இவ்வளவு பிடித்தமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வளரும் நாடுகளில் டிஜிட்டல் பரிவர்த்தனை பெருகிவிட்டது, சரி, ஆனால் வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்கு 200 டாலர் அனுப்பினால் உலக வங்கிக் கணக்குப்படி சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் அனுப்பும் செலவிலேயே போய்விடுகிறது. 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர ஐ.நா. இலக்கு வைத்தது 2015-இல்! சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு அனுப்பத்தான் அதிகச் செலவு. அதே பகுதியில்தான் கென்யாவின் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை 2007-லேயே சாதாரண போனில், வங்கிக் கணக்கே இல்லாதவர்களும் பணம் அனுப்ப வழிசெய்தது. ஆக, தடை தொழில்நுட்பத்தில் இல்லை. பணம் அனுப்பித்தரும் நிறுவனத்தார் கட்டணம் குறைவு என்று விளம்பரம் செய்துவிட்டு, நாணய மாற்று விகிதத்தைக் குறைத்துக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறார்களே, அதுதான் பெரிய அநியாயம். அனுப்பும் முன்பே, கைக்குப் போய்ச் சேரும் தொகையைக் காட்டியாக வேண்டும் என்று எல்லா நாடுகளும் சட்டம் போடட்டும்.