கூடிப் பணியாற்றுவதும் பாடம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில், எஸ்பிஎம், எஸ்டிபிஎம் பள்ளித் தேர்வுகளை முடித்த மாணவர்களுக்கான சுகாதாரத் துறைப் படிப்புகளைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. பிசியோதெரபி, பேச்சு சிகிச்சை, உணவியல், எக்ஸ்ரே தொழில்நுட்பம் எனப் பல படிப்புகளைத் தமிழில் எடுத்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அதன் கடைசிப் பத்தியில், மாணவர்கள் பாடத்தில் மட்டும் கவனம் செலுத்தினால் போதும், மருத்துவர்களோடும் தாதியரோடும் பழகும் விதமும் பேச்சுத்திறனும் வேலையில் சேர்ந்தபின் தானாக வந்துவிடும் என்று எழுதப்பட்டிருந்த வரி என்னைப் பெரிதும் வருத்தியது. பினாங்கில் மருத்துவமனை வார்டுகளில் பிசியோதெரப்பிஸ்டாக வேலை பார்த்து, பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்றவள் நான். அவை தானாக வந்து நான் பார்த்ததில்லை. வராததால் நோயாளிகள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்துபோன ஒரு மூதாட்டிக்குத் தடிமனாக்கிய பானம் மட்டுமே தர வேண்டும் என்று பேச்சு சிகிச்சையாளர் கட்டிலின் தலைமாட்டில் அட்டை மாட்டியிருந்தார். இத்தகைய நோயாளிகளுக்குச் சோற்றைவிடத் தண்ணீரும் தேநீரும்தான் பெரும்பாலும் ஆபத்து. நீர்த்த பானம் தொண்டையில் வேகமாக இறங்கி, மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் நுரையீரலுக்குப் போய்விடும். உணவும் பானமும் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 7 வரை 8 நிலைகள் கொண்ட சர்வதேச அளவுகோலே இருக்கிறது. அன்று மாலை உறவினர் ஒருவர், பாசத்தோடுதான், தடிமனாக்காத வழக்கமான மைலோ பானத்தை அவருக்குப் புகட்டிக்கொண்டிருந்தார். மூதாட்டி இருமினார், குரல் சளி கட்டியதுபோல் கரகரத்தது. பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு நடைப்பயிற்சி கொடுக்க வந்திருந்த இறுதியாண்டு பிசியோதெரபி மாணவி அதைப் பார்த்தாள். அந்த இருமலுக்கு என்ன பொருள் என்பது அவளுக்குத் தெரியும், தேர்விலும் எழுதியிருக்கிறாள். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சில நாளில் மூதாட்டிக்கு நிமோனியா கண்டது. நான் விசாரித்தபோது, "அது ஸ்பீச் தெரப்பிஸ்ட் வேலை, மேடம். நான் போய்ச் சொன்னால் சிஸ்டர் கோபித்துக்கொள்வார் என்று பயந்துவிட்டேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறொரு துறையினரிடம் போய் ஒரு கவலையை எப்படிச் சொல்வது என்று அத்தனை ஆண்டுப் படிப்பில் யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை; ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்க வாய்ப்பளிக்கவில்லை.

இது கற்றுக்கொடுக்க முடியாத ஒன்றல்ல. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய முறையிலிருந்து மருத்துவமனைகள் எடுத்துக்கொண்ட எஸ்பார் என்னும் ஒழுங்கு இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது: நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வரிசையில் சொல்வது. "சிஸ்டர், ஜன்னலோரக் கட்டில் அம்மா குடிக்கும்போது இருமுகிறார், பக்கவாத நோயாளி, தடிமனாக்கிய பானம் மட்டும் என்று அட்டை இருக்கிறது, நுரையீரலுக்குள் போயிருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன், உடனே நிறுத்திவிட்டு ஸ்பீச் தெரப்பிஸ்டை வரச் சொல்லுங்கள்." இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. ஆனால் வாய் வர வேண்டுமானால் வகுப்பறையில் பலமுறை சொல்லிப் பழகியிருக்க வேண்டும். எதிரில் உண்மையான தாதியர் மாணவி ஒருத்தி நின்று, சில வேளை எரிச்சலோடு பதில் சொல்லவும் வேண்டும்.

துணிச்சல் உள்ளவர்கள் எப்படியும் பேசிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், இங்கிலாந்தின் பிரிஸ்டல் மருத்துவமனையில் நடந்ததைத் தாங்கள் நினைவூட்டலாம். குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சையில் மரணங்கள் மிகுந்திருப்பதை 1990-களின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டியவர் மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின். அவர் சொல் எடுபடப் பல ஆண்டுகள் ஆயின. 2001-இல் வெளியான விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு மேல் இறந்ததாகக் கணக்கிட்டது. சுகாதாரத் தொழில்களில் இறங்கும் எல்லாருக்கும் தொடர்புத்திறனும் கூட்டுப்பணியும் கல்வியின் அடிப்படைப் பகுதியாக வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நிபுணர் ஒருவருக்கே அத்தனை பாடு என்றால், 21 வயதுப் பயிற்சி மாணவிக்கு அது தானாக வந்துவிடும் என்று எழுதுவது நியாயமா?

கல்லூரிகளும் இந்த விஷயத்தில் தப்பித்துக்கொள்கின்றன. பலதுறை மாணவர்களை ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து, ஒருநாள் பட்டறை நடத்தி, சான்றிதழும் குழுப்படமும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட செயல்திட்டம் கேட்பது அதுவல்ல. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்க வேண்டும் என்கிறது. அப்படிக் கற்க ஒரு நோயாளி போதும். லிப்ட் அடிக்கடி பழுதாகும் அடுக்குமாடியில் நான்காவது மாடிக்குத் திரும்பப் போகும் அதே மூதாட்டியைப் பல துறை மாணவர்களிடம் ஒப்படைத்து, வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தைச் சேர்ந்து எழுதச் சொல்லலாம். படியேறும் பயிற்சியைப் பிசியோதெரபி மாணவர் யோசிக்கும்போது, மூதாட்டி குளியலறையில் எதைப் பிடித்து எழுவார் என்று தொழில்வழி சிகிச்சை மாணவர் கேட்பார். பானத்தைத் தடிமனாக்கும் மாவின் விலையை உணவியல் மாணவர் சொன்னதும், அந்தக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது என்று மருத்துவ சமூகப் பணி மாணவர் சொல்வார். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம் என்று எல்லாரும் முடிவெடுக்கும்போது, மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடிக்கவே கூடாது என்று மருந்தியல் மாணவர் தடுப்பார். இதற்கு மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத பாடத்தை மாணவர் படிப்பதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். வார்டில் தமிழ் பேசும் மாணவி ஒருத்தி இருந்தால், தோட்டத்தில் உழைத்து மூத்த நம் தாய்மார்கள் எல்லாவற்றையும் அவளிடம்தான் கேட்பார்கள். மருத்துவர்களும் அவளையே மொழிபெயர்க்கச் சொல்வார்கள். என் மேற்பார்வையில் இருந்த ஒரு மாணவியை, புற்றுநோய் பரவிவிட்ட செய்தியை ஒரு குடும்பத்துக்குத் தமிழில் சொல்லும்படி, முன்னறிவிப்பின்றி வார்டு ரவுண்டின் நடுவே நிற்க வைத்தார்கள். அவள் அழுதுவிட்டாள், அந்தக் குடும்பம் அவளுக்கு ஆறுதல் சொன்னது. மொழிபெயர்க்கத் தயார், ஆனால் இந்தச் செய்தியை மருத்துவரே உடனிருந்து, தனி அறையில், நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று மரியாதையோடு கேட்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு என்பதையே அவள் அறிந்திருக்கவில்லை. நோயாளியின் இரகசியம் காப்பது, தன் எல்லை எது என்று அறிவது, குறிப்பேட்டில் பிறதுறையினர் எழுதியதைப் படிப்பது எல்லாம் தொழிலின் ஒழுக்கம். ஓய்வு நேர அறிவுரையாக இவற்றைச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

தங்கள் இதழின் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. எங்கள் வீட்டில் தலைமுறையாக இதை வாங்குகிறோம் என்ற உரிமையில் சொல்கிறேன். தேர்வு முடிவு வரும்போதெல்லாம் மருத்துவம் படிக்கப் போகிறவர்களின் படம் முதல் பக்கத்தில் வருகிறது. எங்கள் தொழில்கள் மருத்துவத்துக்கு இடம் கிடைக்காதவர்களின் ஆறுதலாகவே எழுதப்படுகின்றன. பிசியோதெரபியை உருவி விடுவதோடு சேர்த்துப் பேசும் வழக்கம் நம் சமூகத்தில் இன்றும் போகவில்லை. பிசியோதெரபி போன்ற 20-க்கும் மேற்பட்ட துணைச் சுகாதாரத் தொழில்களைப் பதிவுக்குள் கொண்டுவந்த, மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு 774-ஆவது சட்டம் 2020 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது, அதைப் பற்றிய செய்தி எதுவும் தங்கள் இதழில் என் கண்ணில் படவில்லை. பதிவின்றித் தொழில் செய்வது இன்று குற்றம். தம் நடத்தைக்கு அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த தொழில் மன்றத்தின் முன் பதில் சொல்லவேண்டியவர்களாகப் போகும் மாணவர்களிடம், நடத்தை தானாக வந்துவிடும் என்று சொல்லலாமா?

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடுங்கள். அடுத்த முறை கல்லூரிப் பட்டியல் போடும்போது, பிற துறை மாணவர்களோடு சேர்ந்து வார்டில் பயிற்சி உண்டா, அதற்கு மதிப்பெண் உண்டா, பயிற்சியின்போது தவறொன்றைக் கண்டால் மாணவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் பெற்றோர் கேட்டறியும்படி இரண்டு வரி சேருங்கள். இடம் போதாவிட்டால் கட்டணப் பட்டியலின் கீழே சிறிய எழுத்தில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிசியோதெரப்பிஸ்ட்,
ஜெலுத்தோங், பினாங்கு