கூத்துப் பதிவு செய்யும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

தம்பிமாரே,

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் எங்கே அரங்கேற்றம் என்றாலும் இப்போது கூத்தாடும் களரிக்குப் பக்கத்தில் ஒரு லெப்டொப்பும் மைக்கும் வந்துவிடுகிறது. நல்ல வேலை, செய்யுங்கள். விடிந்த பிறகு நீங்கள் பேசுகிற பேச்சுத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "ஓசிச் சாமான் இப்படித்தான், முழுக் கூத்தையும் ஒரே வேவ் பைலா எடுக்க விடுதில்ல, காசு குடுத்து வாங்கினதெண்டா இப்படி நடக்குமா" என்று, ஒலிப்பதிவுக்கு நீங்கள் பாவிக்கிற ஒடாசிட்டி மென்பொருளைப் போட்டுத் திட்டுகிறீர்கள்.

நடக்கும். (நீங்கள் சொல்லும் 'காசு குடுத்தது' பெரும்பாலும் கிராக் அடித்தது, அது வேறு கதை.) வேவ் என்ற ஒலிப் பைல் வடிவம் ஒடாசிட்டிக்காரர் உண்டாக்கியதில்லை, மைக்ரோசொப்டும் ஐபிஎம்மும் 1991இல் கொண்டுவந்தது. பைலின் அளவை எழுத அதில் விட்டிருக்கும் இடம் 32 பிட்தான், அதற்குள் 4 ஜிபிக்கு மேல் எழுத வழியில்லை, சாதாரண வேவ் எழுதுகிற எந்த மென்பொருளுக்கும் இதே கதிதான். சீடி தரத்தில் ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குப் பத்து எம்பி சொச்சம், ஆக ஆறே முக்கால் மணித்தியாலம். இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் நாலு மணிக்கு முன்பே நிரம்பிவிடும், கூத்தோ விடியும்வரை ஆடும்.

ஒரே மைக்கை வைத்துக்கொண்டு ஏன் ஸ்டீரியோவில் பதிகிறீர்கள் என்பதும் எனக்கு விளங்கவில்லை. மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில் போட்டால் அதே 4 ஜிபிக்குள் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அடங்கும். இல்லையென்றால் தரம் குறையாமல் சுருக்குகிற ஃபிளாக் வடிவத்தில் எடுங்கள், மத்தளத்தில் ஒரு அடிகூடக் குறையாது, பைலும் சிறுக்கும், இந்த 4 ஜிபிப் பிரச்சினையும் இல்லை.

அப்புறம், "பென்ல இடமிருக்கு, கொப்பியாகுதில்ல" என்று அதற்கும் ஒடாசிட்டியையே இழுக்கிறீர்கள். பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் போர்மட் பண்ணியதாக இருந்தால் அதிலும் ஒரு பைலுக்கு 4 ஜிபிதான். எக்ஸ்ஃபேட்டாக போர்மட் பண்ணுங்கள், உள்ளே இருப்பதை முதலில் எடுத்து வைத்துவிட்டு.

குறையே சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உத்தரவாதம் எதுவும் இல்லை என்று ஒடாசிட்டியின் உரிமத்திலேயே எழுதித்தான் சும்மா தருகிறார்கள், அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் டீக்கடையில் திட்டினால் அது யாருக்குப் போகும்? எந்தப் பதிப்பு, எந்த வடிவம், எத்தனை மணி நேரம், திரையில் என்ன வந்தது என்று போட்டோவோடு ஒடாசிட்டிக்காரருக்கு எழுதிப் போடுங்கள், திருத்தக்கூடியதாக இருந்தால் திருத்துவார்கள், இல்லாவிட்டால் ஏன் முடியாது என்றாவது தெரியவரும்.

ஒன்று மட்டும் அவசரம். வேவ் சரிவரவில்லை என்ற கோபத்தில் ஏயூபி3 என்று முடிகிற ஒடாசிட்டி புரொஜெக்ட் பைலை அழித்துவிடாதீர்கள். வேவாக வெளியே எடுப்பது சரிவரவில்லை என்பதற்காகப் பதிவு போய்விடாது, வரவுப் பாட்டிலிருந்து மங்களம் வரை அதற்குள் கிடக்கிறது. இன்றைக்கே திறந்து ஃபிளாக்காக எடுத்து, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.