சாந்திக்கு, ஏற்காட்டிலிருந்து

அன்புள்ள சாந்தி,

உன் மாடியில் ஸ்ட்ராபெரி காய்த்திருக்கிறது என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சேலத்தில் அதெல்லாம் வராது என்று சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் ஐப்பசியில் நட்டாயே, அது சரியான காலம். கீழே உங்களுக்குக் குளிர் என்று இருப்பதே மார்கழியும் தையும்தான், செடி பூத்துக் காய்க்க அது போதும்.

பழம் சிவக்க ஆரம்பித்தாலே காணாமல் போகிறது, கொஞ்சம் முன்னாடியே பறித்து உள்ளே வைத்துப் பழுக்க வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதை மட்டும் செய்யாதே. மாங்காயை வைக்கோலில் மூடிவைத்துப் பழுக்க வைக்கிற மாதிரி இதைச் செய்ய முடியாது. ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுக்கவே பழுக்காது, நிறம் கொஞ்சம் கூடும், தொட்டால் மெத்தென்று இருக்கும், இனிப்பு மட்டும் ஏறாது. கடையில் டப்பாவில் வருவது பல நேரம் புளிப்பதும் இதனால்தான், மகாபலேஸ்வரத்திலிருந்தோ வேறு எங்கிருந்தோ லாரியில் வந்து சேரும்வரை நசுங்காமல் இருக்க வேண்டுமே என்று முழுசாகச் சிவக்கும் முன்பே பறித்துவிடுகிறார்கள். நாம் வீட்டில் வளர்க்கிறதன் பலனே அந்தக் கடைசி மூன்று நான்கு நாள் பழத்தைச் செடியிலேயே விட்டுவைக்க முடியும் என்பதுதான். அணிலும் குருவியும் குறிவைப்பதும் அதே நாட்களைத்தான், அதனால் உன் கவனமெல்லாம் அங்கே இருக்கட்டும்.

காய் பச்சையாக இருக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். பச்சை போய் வெளிறி வெள்ளையாகும் பார், அன்றைக்கே மூடிவிடு, சிவப்பு தெரிந்த பிறகு மூடினால் அதற்குள் அணில் வழி கண்டுபிடித்திருக்கும். நைலான் வலை உன் வீட்டுக்கு உதவாது, அணில் அதைக் கடித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், அதை வளைத்துத் தொட்டிமேல் கூண்டு மாதிரி கவிழ்த்துவிடு, ஓரத்தில் செங்கல் வை. வலைக்கும் பழத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும், ஒட்டிக்கொண்டிருந்தால் கொண்டைக்குருவி வெளியே உட்கார்ந்தபடியே கொத்தித் தின்றுவிட்டுப் போகும். இங்கே பக்கத்துத் தோட்டத்தில் மெல்லிய வலையைச் செடிமேல் தொளதொளவென்று போர்த்தியிருந்தார்கள், போன வாரம் ஒரு குருவி அதில் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது, கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக வெட்டித்தான் எடுத்தேன், கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பழம் போனால் போகட்டும், அந்த மாதிரி வலையை மட்டும் போடாதே சாந்தி.

கம்பி வலையில் இன்னொரு நல்லதும் இருக்கிறது, தேனீ அந்தக் கண்ணுக்குள் புகுந்துவிடும். கொசுவலை போட்டால் புகாது. பழத்தின் மேல் விதை என்று நாம் சொல்கிறோமே, உண்மையில் அந்த ஒவ்வொன்றும்தான் ஒரு தனிக் காய், சிவப்புச் சதை பூவின் அடிப்பாகம் பருத்தது. மகரந்தம் சேர்ந்த விதையைச் சுற்றித்தான் சதை பருக்கும், சேராத இடம் அப்படியே குழிந்து நின்றுவிடும். உன் முதல் பழங்கள் கோணலாக இருந்தன என்றாயே, நோய் என்று பயப்படாதே, பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். 1714இல் ஃப்ரெஸியே என்கிற பிரெஞ்சுக்காரர் சிலியிலிருந்து பெரிய பழம் காய்க்கிற செடிகளைக் கொண்டுபோனாராம், அவையெல்லாம் பெண் செடிகள், பூத்தும் காய்க்கவில்லை. வட அமெரிக்க வகைச் செடி பக்கத்தில் இருந்தபோதுதான் காய்த்தன. இன்றைக்கு நாம் வளர்ப்பது அந்த இரண்டும் கலந்து வந்தது. இதைப் படித்த பிறகு தேனீ வந்து உட்கார்ந்தாலே நின்று பார்க்கத் தோன்றுகிறது. மாடியில் தேனீ குறைவென்றால் மெல்லிய பிரஷால் காலையில் பூவை லேசாகத் தடவிவிடு.

எனக்கு இங்கே பெரிய தொல்லை பனிமூட்டமும் நத்தையும். ஈரம் காயாவிட்டால் பழத்தில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கிறது, ஒன்றில் பிடித்தால் தொட்டுக்கொண்டிருக்கும் அடுத்ததற்கும் பரவும். அப்படிப்பட்ட பழத்தைச் செடியடியில் போடாமல் எடுத்துத் தூர எறிந்துவிடுகிறேன், காய்ந்த இலையையும் கிள்ளிவிடுகிறேன். நத்தைக்கு ஈரச் சாக்கை ராத்திரி விரித்து வைத்தால் விடிவதற்குள் அடியில் வந்து ஒளிந்திருக்கும், பொறுக்கிவிடலாம். பழத்துக்கு அடியில் வைக்கோல் போட்டால் மண் படாது, உனக்குத் தேங்காய் நாரே போதும்.

அப்புறம் தண்ணீர். உங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதை ஊற்றாதே, உப்பு ஸ்ட்ராபெரிக்குச் சுத்தமாக ஆகாது, இலை ஓரம் கருகும். மேட்டூர்த் தண்ணீர் வரும் அன்றைக்குப் பிடித்துவை. காலையில், இலையில் படாமல் அடியில் ஊற்று.

பறிக்கும்போது மேலே இருக்கும் பச்சை இதழை லேசாகத் தூக்கிப் பார். அதன் அடியில் வெள்ளை வளையம் இருந்தால் இன்னும் ஒரு நாள் விடு. அங்கேயும் சிவந்து, கிட்டே போனாலே வாசனை வந்தால், காலை வெயில் ஏறும் முன் காம்போடு நகத்தால் கிள்ளு. சாப்பிடும்போது கழுவினால் போதும், கழுவி வைத்தால் சீக்கிரம் அழுகும்.

இங்கே காப்பி பறிப்பு முடிகிற கட்டம், ஆள் கிடைப்பதுதான் பாடு. கீழ்த் தோட்டத்துக்குக் காட்டெருமை வந்துபோவதால் சாயங்காலம் யாரும் தனியாக நடப்பதில்லை. அவருக்கு முட்டி வலி தேவலை, மலைப் பாதையில் பஸ்ஸில் வந்தால் மட்டும் இரண்டு நாள் படுத்துவிடுகிறார். சின்னவள் பொங்கலுக்கு வருகிறாள். உன் மருமகள் எப்படி இருக்கிறாள், எத்தனையாவது மாதம் என்று நீ எழுதவே இல்லை.

பங்குனி வந்தால் உன் மாடியில் அந்தச் செடிகள் நிற்காது. வெயில் ஏறும் முன் தொட்டியோடு இங்கே கொண்டுவந்துவிடு, கோடையில் என்னிடம் இருக்கட்டும். அதற்குள் அவை கொடி விட்டிருக்கும், கொடி நுனியில் வரும் குட்டிச் செடிகளை மண் கவரில் வேர்பிடிக்க வைத்துப் புரட்டாசி கடைசியில் தருகிறேன், அதை நட்டுக்கொள். வரும்போது ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவா, மேலே கிடைக்கவில்லை. தட்டுவடையும்.

உன்,
மல்லிகா