அந்தப் பெண்ணுக்கு எதற்குத் தாத்தா?

ஹட்டன்,
இலங்கை, ஜனவரி 2020

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் சினிமாப் பக்கத்தில் வந்த 'ஸ்டார் வார்ஸ்' ஒன்பதாம் பாகமான 'தி ரைஸ் ஒப் ஸ்கைவாக்கர்' படத்தின் விமர்சனம் பற்றி எழுதுகிறேன். படம் சுமார், சண்டைகள் பரவாயில்லை, இசை வழக்கம்போல நன்று என்று உங்கள் விமர்சகர் எழுதியதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி போட்டிருக்கிறார். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணுக்கு இவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று முந்தைய பாகத்தில் விழுந்த ஓட்டையை இந்தப் படம் அடைத்துவிட்டதாம். அந்தப் பெண் ரே, கொடியவனான பேரரசர் பல்பட்டினின் பேத்தி என்று தெரிந்த பிறகுதான் கதையே நம்பும்படி ஆகியிருக்கிறதாம்.

ஐயா, அந்த ஓட்டைக்குள்தான் நாங்கள் நாலு தலைமுறையாகக் குடியிருக்கிறோம்.

நான் ஹட்டனில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பதினாறு வருசமாகிறது. என் மெஷினில் அதிகமாகப் படுத்த கடதாசி எது என்று நினைக்கிறீர்கள்? பரீட்சைப் பேப்பர் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. செத்துப்போன தாத்தாமாரின் கடதாசிதான். சீனிப் பையில் சுற்றி, அதற்குமேல் ஒரு துணியில் முடிந்து கொண்டுவருவார்கள். நாலாக மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஒட்டிய டேப் மஞ்சளாகிக் கிடக்கும். கண்ணாடியில் அப்படியே வைத்தால் மூடியைத் திறக்கும்போது பாதி அதோடு வந்துவிடும் என்பதால், கண்ணாடித்தாள் இரண்டுக்கு நடுவில் வைத்துத்தான் எடுக்கிறேன். ஒரே கிழவி ஒன்றில் இராமாயி, இன்னொன்றில் ராமாய், மூன்றாவதில் ரமய்யா. மூன்றும் நான்தான் என்று அந்தக் கிழவி என்னிடம் சத்தியம் செய்கிறாள். எனக்கு நம்பிக்கைதான். கேட்கிறவர் நானில்லையே.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தகப்பன் இந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குக் கூட்டிவந்தவர்களின் பிள்ளைகளாக இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து, இங்கேயே தேயிலைக்கு உரமானவர்களுக்கு அந்தக் கணக்குக் கூடிவரவில்லை. அப்புறம் 1964இல் இந்தியா, இலங்கை என்று இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து 975,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடையில் மிச்சச் சில்லறைக்கு டொபி கொடுப்பதுபோல. என் பெரியப்பா குடும்பம் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறியதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் சொந்தக் கதை சின்னதுதான். 1992இல் அடையாள அட்டைக்காக ஒரு காரியாலயத்துக்கு நாலு தரம் அலைந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை. கண்ணாடிக்குக் கீழே பிள்ளையின் படம் வைத்திருந்தார். "தம்பி, உங்க தாத்தா எங்க பிறந்தாரு?" என்று ஒவ்வொரு தரமும் அன்பாகத்தான் கேட்டார். தாத்தா திருச்சிப் பக்கம் என்பார், அப்பாயி நாமக்கல் பக்கம் என்று திருத்துவாள். அவ்வளவுதான் எங்கள் பூர்வீகம்.

இப்போது படத்துக்கு வருகிறேன். 2017இல் எட்டாம் பாகமான 'தி லாஸ்ட் ஜெடாய்' வந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. விடிய முன்னர் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய்ப் பார்த்தோம். அதில் ஒரு கட்டம் வருகிறது. ரேயிடம் வில்லன் கைலோ ரென் சொல்கிறான்: உன் தாய் தகப்பன் யாருமில்லை, பழைய இரும்பு விற்றவர்கள், குடிக்கக் காசில்லாமல் உன்னை விற்றுவிட்டார்கள், இந்தக் கதையில் உனக்கு இடமே இல்லை என்று. அதுவரை சீட்டில் சரிந்து கிடந்த என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் எதற்கு நிமிர்ந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லமாட்டாள். வீட்டுக்கு வந்து சமையற்கட்டு விளக்குமாற்றை வைத்துக்கொண்டு ஒரு கிழமை சண்டை போட்டாள். விளக்குமாறுதான் அவளுக்கு ஒளிவாள்.

அந்தப் படம் குறையில்லாத படம் என்று நான் சொல்லவரவில்லை. முதல் படங்களின் நாயகன், இப்போது கிழவனாகிவிட்ட லூக், ரே கொடுத்த ஒளிவாளை வாங்கித் தோளுக்குப் பின்னால் எறிந்தானே, அன்றைக்கு எனக்கு வந்த கோபம் உங்கள் விமர்சகருக்குக்கூட வந்திருக்காது. முப்பது வருசம் காத்திருந்தவனுக்கு இதுதானா மரியாதை என்று அவிசாவளை வரும்வரை மகளிடம் புலம்பினேன். உலகம் முழுக்க ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். நான் இரண்டு கட்சியிலும் இருந்தேன்.

முப்பது வருசம் என்றேன், அது குறைச்சல். நான் முதல் படத்தைப் பார்த்தது 1984இல். அது வெளிவந்தது 1977, எங்கள் தோட்டத்துக்கு வர ஏழு வருசம் எடுத்தது. கோயில் திருவிழாவுக்கு டவுனிலிருந்து டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் வைத்தார்கள். எம்.ஜி.ஆர். படம் இரண்டு ஓடி முடிந்து, பெரியவர்கள் தூங்கிய பிறகு அண்ணன்மார் ஓர் இங்கிலீஷ் கசட்டைப் போட்டார்கள். கறுப்பு உடுப்பும் இரும்புத் தலையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவன் நடந்துவந்தான். "பெரிய தொரை டோய்" என்று எங்களில் ஒருத்தன் கத்தினான். அதற்குமேல் கதை விளங்க எங்களுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. லூக் தன் விமானத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிய நேரம் ஜெனரேட்டரில் எண்ணெய் முடிந்தது. அந்தப் பெரிய கோளம் வெடித்ததா இல்லையா என்று தெரிய எனக்கு இன்னும் ஒன்பது வருசமானது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 2018இல் முந்தைய பாகத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, மலையகத்தில் இந்தப் படமெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று உங்கள் காரியாலயத்தில் ஒருவர் சிரித்தார். சரி, சிரிக்கட்டும். எங்களிடமிருந்து உங்களுக்கு வேண்டியது என்ன என்று எனக்கும் தெரியும். மண்சரிவு, குளவிக் கொட்டு, சம்பளப் பிரச்சினை. வருசத்துக்கு ஒரு தரம் டிசம்பர் 15, தேயிலை தினத்துக்குக் கூடையோடு சிரிக்கிற ஒரு பெண். போன மாதமும் போட்டீர்கள். 'கொழுந்து பறிக்கும் பெண்' என்று கீழே எழுதியிருந்தது. அவர் என் கடைக்கு வருகிறவர். நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. படம் எடுத்தவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதே பக்கத்தில் பரிசு வாங்கிய கம்பனி முகாமையாளரின் பெயர் பட்டத்தோடு வந்திருந்தது.

போன மாத விடுமுறையில் மகளும் நானும் மறுபடியும் அதே பஸ்ஸில் போய் 'தி ரைஸ் ஒப் ஸ்கைவாக்கர்' பார்த்தோம். நன்றாக இருந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கேரி பிஷர் 2016இல் இறந்துவிட்டார், மிச்சமிருந்த பழைய காட்சிகளை வைத்து அவர் நடித்த இளவரசி லேயாவை நடமாடவிட்டிருக்கிறார்கள். அந்த முகத்தைப் பார்க்கப் போதும் என்றிருந்தது. 1977இல் கூடச் சண்டை போட்ட மற்ற இரண்டு வீரர்களுக்கும் மெடல் போட்டு, பாவம், உடம்பெல்லாம் மயிரான செவ்பாக்காவை மட்டும் வெறுங்கழுத்தோடு விட்டிருந்தார்கள் அல்லவா, இந்தப் படத்தில் ஒருவழியாகக் கையில் கொடுத்தார்கள். 42 வருசம். எங்கள் தோட்டத்தில் வேலை விட்ட பிறகு வரவேண்டிய சேமலாப நிதிக்கு அலைகிற மாமா ஒருவரிடம் இதைச் சொன்னேன், "அவனுக்காவது வந்திச்சே" என்றார்.

ஆனால் ரோஸ் எங்கே? போன பாகத்தில் கப்பலின் அடித்தட்டில் குழாய் பார்க்கிற வேலைக்காரியாக வந்து, பெரிய வீரனையே தடுத்து நிறுத்தினாளே, அந்தப் பெண். அவளாக நடித்த பிள்ளையை இணையத்தில் வைது வைது 2018இல் ஓடவே வைத்தார்கள். இந்தப் படத்தில் அவளுக்குக் கொடுத்தது ஒன்றரை நிமிடம்கூட வராது. போன படத்தின் கடைசியில் லாயத்தில் கூட்டுகிற ஒரு பொடியன், தொடாமலே விளக்குமாற்றைக் கைக்கு வரவழைத்துவிட்டு வானத்தைப் பார்த்தான். என் மகள் இரண்டு வருசமாகக் காத்திருந்தது அவனுக்குத்தான். அவன் வரவேயில்லை. வந்தது தாத்தா.

பல்பட்டின் தன் பேத்தி என்று அவளைக் கூப்பிட்ட கட்டம் முடிந்ததும் மகள் என் பக்கம் குனிந்து, "அப்ப இவளுக்கும் பேப்பர் கிடைச்சிருச்சு" என்றாள். அதற்குப் பிறகு அவள் பொப்கோர்னைத் தொடவில்லை. நான்தான் தின்றேன்.

கடைசியில் அந்த மணல் ஊரில் ஒரு கிழவி ரேயிடம் நீ யார் என்று கேட்கிறாள். ரே என்கிறாள். ரே மட்டுமா, முழுப் பெயர் என்ன என்று விடாமல் கேட்கிறாள். அங்கேயும் கிராம உத்தியோகத்தர் உண்டு போலிருக்கிறது. இவள் ஸ்கைவாக்கர் என்று வித்தை சொல்லிக்கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லிவிட்டு, இரண்டு சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. நாங்கள் ஜூலை மாதத்தில் ஒரு சூரியனுக்கே ஏங்குகிறவர்கள். ஆனாலும் 'ரே மட்டும்தான்' என்று அவள் சொல்லியிருந்தால் அந்தக் கிழவி என்ன செய்திருப்பாள்? இதைத்தான் திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். உங்கள் விமர்சகர் அதை ஓட்டை என்கிறார்.

அவர் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும் போட்டால் போதும். விமர்சனத்தின் மூன்றாவது பந்தியில் லேயாவை லூக்கின் பழைய காதலி என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா, இருவரும் கூடப் பிறந்தவர்கள், இரட்டைப் பிள்ளைகள். 1983இல் வந்த படத்திலேயே அதைச் சொல்லியாகிவிட்டது. பரம்பரை இல்லாத ஒருத்தியை ஏற்றுக்கொள்ள இவ்வளவு கஷ்டப்பட்டவர், இருக்கிற பரம்பரையையாவது விசாரித்து எழுதியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். எனக்குத் தனியாகப் பிரதி அனுப்ப வேண்டாம், கொப்பி எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
போட்டோகொப்பிக் கடைக்காரன்,
ஹட்டன்.

(2015இல் வீதி பற்றி எழுதிய கடிதத்தில் என் பெயரைப் பிழையாகப் போட்டீர்கள். இந்தத் தரம் ஊர் மட்டும் போதும்.)