வெள்ளவத்தை வீட்டுத் தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல நடந்தன. மழையால் ஒன்றிரண்டு தள்ளிப்போயின. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த வருடம் சங்கத்தில் அதிகம் பேசப்பட்டதும் அதிகம் சண்டை பிடிக்கப்பட்டதும் ரோசாவைப் பற்றித்தான். ஆகவே மிச்ச விஷயங்களைச் சுருக்கிவிட்டு அதைச் சொல்கிறேன்.

நாசினி அடிக்காமல் வளரக்கூடிய ரோசாவை மட்டுமே சங்கம் பரப்பும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். விகாரமகாதேவிப் பூங்காப் பக்கம் போனால் நுவரெலியா ஒட்டுக்கன்று ஒன்றாவது வாங்காமல் திரும்பாதவர்கள் நம்மில் பலர். அது 1868 மீற்றர் உயரத்துக் குளிரில் வளர்ந்த கன்று. நீளக் காம்பு, கைகொள்ளாத பூ. அதைக் கொண்டுவந்து கடற்காற்று வீசும் ஒழுங்கையில் வைக்கிறோம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இலையில் கரும்புள்ளி, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெறும் தடி. காப்பாற்ற வேண்டுமென்றால் வாராவாரம் பங்கசு நாசினி அடிக்க வேண்டும். நம் வீடுகளில் கையை நீட்டினால் பக்கத்து வீட்டு யன்னல். பூ போவதோ சாமியறைக்கும் பிள்ளைகளின் தலைக்கும். இதைச் சொன்ன பிறகுதான் தீர்மானம் நிறைவேறியது.

கரும்புள்ளி என்பது பங்கசு நோய். இலை ஏழு மணித்தியாலம் அளவில் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அதன் வித்தி, அதாவது பங்கசின் நுண்விதை, முளைத்து உள்ளே இறங்கும். பின்னேரம் வேலையால் வந்து குழாயைப் பிடித்துச் செடியைத் தலையோடு குளிப்பாட்டுகிறோமே, அது பங்கசுக்கு இரவு முழுக்க விருந்து. காலையில், அடியில் மட்டும் தண்ணீர் விடவும். சுவரோடு நெருக்கி வைக்காமல் காற்றோடும் இடமாக வைக்கவும். உதிர்ந்த புள்ளி இலைகளை அன்றன்றே பொறுக்கவும். இவ்வளவும் செய்தும் ஒரு செடி மொட்டையாகிறதென்றால் அது கொழும்புக்கு உரிய செடி இல்லை, விட்டுவிடுங்கள்.

கனடாவில் உறவினர் உள்ள அங்கத்தவர்கள் அங்கே பனிக்குள் கிடந்தும் துளிர்க்கும் ரோசாக்களைப் பற்றிக் கேட்டார்கள். ஒட்டாவாவில் கனடிய விவசாயத் திணைக்களம் உருவாக்கிய எக்ஸ்புளோரர் வகைகள் மைனஸ் 30 பாகையிலும் பிழைக்கும், உண்மைதான். நமக்கு வேண்டியது புழுக்கத்தையும் மழையையும் தாங்கும் செடி. தடியைப் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாமா என்றும் ஒருவர் கேட்டார். கூடாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சட்டத்தை விடுங்கள், புது நோய் ஒன்றை நாமே இறக்குமதி செய்தவர்களாவோம்.

நமக்குக் கிட்டிய பாடம் டெக்சாஸில் இருக்கிறது. அங்குள்ள ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் 'எர்த்-கைண்ட்' திட்டத்தில் ரோசாவுக்கு நாசினியும் பசளையும் போடாமல், அடியில் மூன்று அங்குலம் பத்திரக்கலவை, அதாவது மண்ணை மூடும் படை, மட்டும் இட்டுப் பார்த்தார்கள். தேறியவற்றில் 'மியூட்டாபிலிஸ்' என்ற சீன வகையும் ஒன்று: ஐந்தே இதழ், மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, கடைசியில் கடுஞ்சிவப்பாகும். 2000 இல் வந்த 'நாக் அவுட்'டும் தேறியது. அதை ரோசா வளர்ப்பாளர் வில்லியம் ராட்லர் உருவாக்கியதே கரும்புள்ளிக்கு அடங்காத செடி வேண்டும் என்றுதான்.

அந்தப் பெயர்களைத் தேடி அலையத் தேவையில்லை. இந்த ஒழுங்கைகளில் பழைய வீட்டு மதில் ஓரங்களில் ஒருவரும் கவனிக்காமல் பூத்துக்கொண்டிருக்கும் இளஞ்சிவப்புப் பற்றை ரோசா எத்தனை மழை கண்டிருக்கும்! அதிலிருந்து தடி வெட்டி அங்கத்தவர்களுக்குப் பகிர்ந்தோம். பூத்து முடிந்த, பென்சில் தடிப்புள்ள கிளையில் ஆறு அங்குலம். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே. இரண்டு கணு மண்ணுக்குள். மணலும் தும்புத்தூளும் கலந்து நிழலில் வைத்தால் ஒன்றரை மாதத்துக்குள் வேர்விடும். சொந்த வேரில் நிற்கும் செடி அடிவரை காய்ந்தாலும் அதே பூவோடுதான் திரும்ப முளைக்கும். ஒட்டுக்கன்றில் கீழிருந்து கிளம்புவது அடிக்கட்டையின் காட்டு ரோசா.

ஒரு பீதியையும் பதிவு செய்ய வேண்டும். இலை விளிம்பில் யாரோ கத்தரிக்கோலால் அரைவட்டம் வெட்டியதுபோல் இருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று தொடர்ந்து அழைப்பு வந்தது. அது இலைவெட்டித் தேனீயின் வேலை. இலையைத் தின்பதற்கில்லை, சுருட்டிக் கூட்டுக்குள் மெத்தையிடக் கொண்டுபோகிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது. மருந்து அடிக்காதீர்கள். துளிரில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அழுக்கணவனுக்கும் தண்ணீரைப் பீச்சினால் போதும், மிச்சத்தைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும்.

பத்திரக்கலவைக்குத் தேங்காய்ப் பொச்சு நல்லதுதான், ஆனால் குழிப்பக்கத்தைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் போடுங்கள். சாடிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். ஒரு வாரம் தேங்கிய தண்ணீரே டெங்கு நுளம்புக்குப் போதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வரும்போது "இயற்கைத் தோட்டம்" என்று விளக்கம் சொல்ல முடியாது.

கூட்டெரு விஷயத்தில் முன்னேற்றம் மெதுவாகத்தான். 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, நவம்பரில் கைவிட்ட கதைக்குப் பிறகு சேதனப் பசளை என்றாலே சிரிக்கிறார்கள். நெல்வயலுக்கும் நாலு சாடிக்கும் வித்தியாசம் உண்டு. 2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்பின் குப்பை கொட்டப்பட்ட மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்ததை மறந்தவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். மரக்கறித் தோலை அந்த வழியில் அனுப்பாமல் சாடிக்குள் போடுவது பெரிய தியாகமில்லை.

பெரிய பூவை விட மனமில்லாத மூத்த அங்கத்தவர்கள் சிலர் தங்கள் ஒட்டுக்கன்றுகளை இன்னும் வைத்திருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம். நாசினி அடிப்பதென்றால் பக்கத்து வீட்டுக்கு முதல்நாளே சொல்லுங்கள் என்பது மட்டுமே செயற்குழுவின் கோரிக்கை.

சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைக் காணவும். வேர்பிடித்த தடிகள் வாசல் மேசையில் இருக்கின்றன; தேநீருக்குப் பிறகு வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். சொப்பிங் பை தரமாட்டோம்.

செயலாளர்